கனம், பசை, திருகாணி: பாலக்காட்டிலிருந்து குமுளி வரை தட்டைக் கூரையின் வரலாறு

கேரளக் கட்டடக்கலை பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி சாய்வுக் கூரையைப் பற்றியது. மரச்சட்டம், கழுக்கோல், ஓடு, முகப்பு என்று அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் விரிவான ஆய்வுகள் உண்டு. எல்லைப்புறத் தமிழர் இன்று வாழ்வதும் கடை நடத்துவதும் பள்ளியில் படிப்பதும் பெரும்பாலும் தட்டைக் கூரையின் கீழ்தான். அந்தக் கூரையை நாம் பொறியாளரிடம் விட்டுவிட்டோம். வரலாற்றாசிரியரின் பார்வை அதன்மீது அரிதாகவே விழுந்திருக்கிறது. இந்தப் பதிவு அந்த இடைவெளியை நோக்கிய ஒரு முயற்சி. சற்று நீளமானது, கட்டட வரலாறு, தொழிலாளர் வரலாறு, எல்லைப்புற ஆய்வு ஆகியவற்றில் ஈடுபடும் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

என் கேள்வி எளிமையானது. தட்டைக் கூரையின் மேல் இரண்டு காப்புகள் வேண்டும்: ஒன்று நீரைத் தடுக்க, மற்றொன்று வெப்பத்தைத் தடுக்க. இந்தக் காப்புகளைக் கூரையோடு பிடித்து வைத்திருப்பது எது? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இதற்கு மூன்று விடைகள் கிடைத்துள்ளன. முதலில் கனம், பிறகு பசை, அதன்பின் திருகாணி. ஒவ்வொரு மாற்றத்திலும் கூரை மெலிந்தது, வேலை விரைந்தது. அதே வேளையில், கூரையைப் பழுதுபார்க்கும் அறிவு உள்ளூர்க் கொத்தனாரின் கையிலிருந்து ஒரு படி விலகிச் சென்றது. இதுவே இப்பதிவின் வாதம்.

1. இரண்டு எல்லைகள், இரண்டு சொற்கள்

பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் மலைப்பகுதிகள் உள்ளன. ஆயினும் இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டியவை. இரண்டிலும் தமிழ் பேசுவோர் திரளாக உள்ளனர். பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை. இடுக்கிப் பக்கம் மறையூர், மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலை, குமுளி. முன்னது நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கும் கணவாய். பின்னது 2,695 மீட்டர் உயர ஆனைமுடியைத் தன்னுள் கொண்ட மலைநாடு.

ஆட்சி வரலாறும் வேறு வேறு. பாலக்காட்டின் பெரும்பகுதி மலபார் மாவட்டமாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது; சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் கேரளத்துக்குள் வந்தன. பாலக்காடு மாவட்டம் 1957இலும் இடுக்கி மாவட்டம் 1972இலும் அமைந்தன.

இந்த வரலாறு கூரைச் சொற்களில் படிந்திருக்கிறது. கொங்கு வழக்கில் தட்டைக் கூரை வீட்டைத் ‘தார்சு வீடு’ என்பர். ‘டெரஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கொங்கு உருவம் அது. மலையாளத்தில் கான்கிரீட் வீடு ‘வார்க்க வீடு’. வார்த்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஒரு சொல் சுண்ணாம்புத் தளத்தின் காலத்தையும், மற்றொன்று கான்கிரீட்டை ஊற்றி வார்க்கும் காலத்தையும் நினைவில் வைத்திருக்கின்றன. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரே தெருவில் இரு சொற்களும் காதில் விழலாம்.

2. தார்சு: கனத்தால் நிற்கும் கூரை

‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொதுப்பணித் துறை ஏடுகள் குறிப்பிடும் தளத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்கள். அவற்றின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். அக்கட்டைகளின் மேல், ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனே உள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, விளிம்பில் நிற்கும்படி, மூலைவாட்டமாக வரிசை வரிசையாக ஒட்டிச் செல்வர். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொள்வதால் கீழே பலகை அடித்து முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். அதற்கும் மேல் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த தட்டோடு.

இவற்றில் செங்கல் ஜல்லிப் படுகையே நம் பொருளுக்கு உயிரானது. தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலில் இன்றும் அதைச் ‘சுருக்கி’ என்றே சொல்கிறார்கள். அரசு விவரக்குறிப்பு இதற்கு ஒரு விகிதம் தருகிறது: கன அளவில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மணல் கிடையாது, ஜல்லியின் அளவு 20 மி.மீ.; சராசரித் தடிமன் 75 மி.மீ. அதை மரக் கொட்டாப்புளியால் நன்கு தட்ட வேண்டும் என்பது விவரக்குறிப்பின் பகுதியே. இந்தியத் தர நிறுவனமும் இவ்வகைத் தளத்துக்கென ஐ.எஸ். 3036 என்னும் தனி நெறிமுறை வகுத்திருக்கிறது.

தட்டுதல் என்பது அழகுக்கு அன்று. சுண்ணாம்பு மெல்ல இறுகும் பொருள். இறுகும்போது சுருங்கி வெடிக்கும். நாள்கணக்கில் தட்டத் தட்ட ஜல்லிகள் நெருங்கி, வெடிப்புகள் மூடி, சுண்ணாம்புப் பால் மேலே வந்து பரவும். இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சித்தாள் பெண்கள். வரிசையாக அமர்ந்து ஒரே தாளத்தில் தட்டினர்; தாளம் தவறினால் தளம் சமமாக இறுகாது. தமிழ்த் தொழிற்பாடல்களில் சுண்ணாம்பு இடிப்போர் பாடலுக்குத் தனி இடம் இருப்பதை நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் அறிவர். அப்பாடலைக் களைப்பு நீக்கும் பாடலாக மட்டும் படிக்கிறோம். கூரை நீர் கசியாமல் இருக்க வேண்டிய அடர்த்தியை அளந்துகொடுத்த கருவியாகவும் அதைப் படிக்க இடமுண்டு.

இந்தத் தளம் கீழுள்ள கட்டடத்தோடு எவ்வாறு பிடித்து நிற்கிறது? சுண்ணாம்பு சற்றே ஒட்டும் என்பது உண்மை. முதன்மையாக நிற்பது கனத்தால். 75 மி.மீ. சுருக்கியின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ. தட்டோடும் சாந்தும் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கும். எந்தக் காற்றும் அதை எளிதில் தூக்காது. நீரைத் தடுப்பது, வெப்பத்தைத் தாமதப்படுத்துவது, தன்னைத் தானே பிடித்து வைப்பது ஆகிய மூன்றையும் ஒரே பொருள் செய்தது. அதில் வெடிப்பு விழுந்தால் அதே ஊர்க் கொத்தனார் அதே சுண்ணாம்பைக் கொண்டு அடைத்தார். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்த சாந்து நாம் அறிந்ததே.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. மரக்கட்டை உளுத்தாலோ கரையான் ஏறினாலோ முழுத்தளமும் இறங்கிவிடும். சுருக்கியின் எடையைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும். வெப்பக் கடத்தல் கணக்கிலும் அது இன்றைய அளவுகோலை எட்டாது. 150 மி.மீ. வெறுங்கான்கிரீட் தளத்தின் வெப்பக் கடத்தல் எண் சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 3.3 வாட் என்று கணக்கிடலாம். சுருக்கி போட்டால் அது 2.5 அளவுக்கு இறங்கும். குடியிருப்புகளுக்கான 2018ஆம் ஆண்டின் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதி கோரும் உச்சவரம்பு 1.2. பழைய தளம் பகல் வெப்பத்தை மாலை வரை தள்ளிப்போட்டது, முழுமையாகத் தடுக்கவில்லை.

3. ஒரே பாறை, இரண்டு பசைமம்

சுண்ணாம்புத் தொழில்நுட்பம் கூரையோடு நிற்கவில்லை. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் சேர்ந்த கான்கிரீட்டால் ஆனது. முகப்பு கருங்கல் கட்டு. பென்னிகுவிக்கின் தலைமையில் நடந்த அந்தப் பணியின் விவரங்களை 1899இல் வெளியான மெக்கன்சியின் நூல் பதிவுசெய்கிறது. குமுளி எல்லையில் நடக்கும் நீர் உரிமை விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. கட்டட வரலாற்று நோக்கில் ஒன்றை மட்டும் சுட்டுகிறேன்: மொட்டை மாடியில் மழைநீரைத் தடுக்கத் தட்டிப் போட்ட பொருளின் நெருங்கிய உறவே பெரியாற்று நீரைத் தடுக்கவும் பயன்பட்டது. 1979க்குப் பின் அணையைப் பலப்படுத்தியபோது மேலே கான்கிரீட் பாரம் ஏற்றினர். முறுக்குக் கம்பிகளைப் பாறைக்குள் இறக்கி இழுத்துக் கட்டினர். கனத்தால் நின்ற கட்டுமானத்துக்கு மேலும் கனமும், அதனுடன் ஆணி போன்றதொரு பிடிப்பும் சேர்க்கப்பட்டன. கூரையின் வரலாறும் ஏறக்குறைய அதே வழியில் சென்றது.

பாலக்காட்டுக் கணவாயில் இம்மாற்றத்தை நிலவியலே தாங்கி நிற்கிறது. மதுக்கரையிலிருந்து வாளையாறு வரை சுண்ணாம்புக்கல் படுகை உண்டு. காளவாயில் அதைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். களிமண் சேர்த்துச் சூளையில் மிகுவெப்பத்தில் சுட்டு அரைத்தால் சிமெண்ட் கிடைக்கும். 1934இல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை எழுந்தது. அது பின்னர் ஏ.சி.சி. நிறுவனத்தில் சேர்ந்தது. எல்லைக்கு இப்பால் வாளையாற்றில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரே கல்லிலிருந்து, ஐம்பது ஆண்டு இடைவெளியில், மாநில எல்லையின் இரு பக்கமும் இரு ஆலைகள். நாள்கணக்கில் தட்ட வேண்டிய பசைமம் போய், சில மணி நேரத்தில் இறுகும் பசைமம் வந்தது. தட்டும் பெண்களின் வரிசை தேவையற்றதாயிற்று. அவர்கள் கட்டட வேலையிலிருந்து விலகவில்லை. கைத்திறன் வேலையிலிருந்து சட்டி சுமக்கும் வேலைக்கு இறக்கப்பட்டனர். சிமெண்ட்டின் வருகையைப் பற்றிய நம் ஆய்வுகளில் இந்த இறக்கம் பதிவாகவில்லை.

4. மலையில் தகடு

இடுக்கி மலைப்பகுதியின் கதை வேறு. அங்கே பெருமழை, கடும் குளிர், ஏற்றச் செலவு ஆகிய மூன்றும் தார்சுக்கு எதிரானவை. சமவெளியில் மலிவான செங்கலும் சுண்ணாம்பும் மலையேறும்போது விலை உயர்ந்தன. 1829இல் லண்டனில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்ற நெளிதகடு, துத்தநாகப் பூச்சு பெற்றபின், உலகெங்கும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பரவியது. கண்ணன் தேவன் மலைகளின் தேயிலை ஆலைகளும் தொழிலாளர் ‘லயம்’ வரிசைகளும் தகட்டுக் கூரையின் கீழ் அமைந்ததற்கு முதற்காரணம் அதன் எடைக் குறைவே.

எடை குறைந்தால் பிடிப்பு ஒரு சிக்கலாகிறது. தகடு தன் கனத்தால் நிற்க முடியாது. கொக்கி ஆணியால் சட்டத்தோடு கட்டப்பட வேண்டும். ஆணித் துளை நெளியின் மேட்டில் அமைய வேண்டும், பள்ளத்தில் அமைந்தால் நீர் இறங்கும் என்பதையும், ஆணித் தலைக்கடியில் தார் தோய்ந்த வளையம் வேண்டும் என்பதையும் தோட்டத் தச்சர்கள் கற்றுக்கொண்டனர். பிற்காலத்தில் சமவெளித் தொழிற்கூடங்களுக்குப் போகவிருந்த அறிவு முதலில் இங்கே வேர்கொண்டது.

வெப்பக்காப்பின் பொருளும் மலையில் மாறுகிறது. பாலக்காட்டில் கூரை வெயிலை உள்ளே விடக்கூடாது. மூணாற்றில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியை நெருங்கும். அங்கே உள்வெப்பம் வெளியேறக்கூடாது. அடுப்பெரியும் லயத்தின் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டின் அடியில் பட்டு நீராகி, மழையே இல்லாத இரவிலும் சொட்டும். மேலாளர் பங்களாவில் தகட்டுக்கடியில் மரப்பலகைக் கூரைமுகடு இருந்தது, லயத்தில் இல்லை. காப்பு என்னும் ஒரு படலம் வர்க்கக் கோட்டின்படி பகிரப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

5. வார்க்க: மெலிந்த தளமும் பிரிந்த வேலையும்

விடுதலைக்குப் பின் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் தளம் பரவியது. நூறு முதல் நூற்றைம்பது மி.மீ. தடிமனில் அது பாரம் தாங்கியது. நீரையும் வெப்பத்தையும் அது தன்னளவில் தடுக்கவில்லை. வெயிலில் கான்கிரீட் நீளும். பத்து மீட்டர் நீளத் தளம் 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. நீண்டு சுருங்கும். கோடையில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது அரிதல்லாத பாலக்காட்டில், வெயிலில் கிடக்கும் தளத்தின் மேற்பரப்பு காற்றைவிட மேலும் சூடேறும். தினமும் நிகழும் இந்த அசைவு, சுவரும் தளமும் சேரும் இடத்திலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை அந்த வெடிப்புகளைத் தேடி வரும்.

இதற்குச் சென்னைப் பொதுப்பணி மரபு தந்த விடை, புதிய தளத்தின் மேல் பழைய சுருக்கியை ஏற்றுவது. கான்கிரீட் பாரம் தாங்கட்டும், சுருக்கி வாட்டம் தரட்டும், தட்டோடு நீரைத் தூம்புக்கு அனுப்பட்டும் என்று வேலை பிரிக்கப்பட்டது. தட்டோட்டின் இடுக்குகளை அடைக்கும் சிமெண்ட் சாந்தில் கச்சா எண்ணெய் கலக்க வேண்டும் என்று விவரக்குறிப்பு சொல்வதையும் கவனிக்கலாம். சுண்ணாம்பும் சிமெண்ட்டும் பெட்ரோலியமும் ஒரே கூரையில் படுகை படுகையாக அமைந்த காலம் அது.

தட்டோடு எங்கிருந்து வந்தது என்பதும் எல்லைக் கதையே. 1865இல் மங்களூரில் தொடங்கிய பாசல் மிஷன் ஓட்டுத் தொழில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோழிக்கோடு, பாலக்காடு வரை பரவியது. சாய்வுக் கூரைக்கான ஓட்டோடு தளத்துக்கும் தரைக்குமான ஓடுகளையும் அந்த ஆலைகள் தயாரித்தன. முதல் உலகப் போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் வசம் சென்றன. கேரளத்தின் சாய்வுக் கூரையை உருவாக்கிய அதே களிமண் தொழில் தமிழ்நாட்டின் தட்டைக் கூரைக்கும் மேலுறை தந்திருக்கிறது.

6. பசையின் காலம்

தாரில் தோய்த்த துணிப் படலம் கூரைக்கு வருவது பழைய வழக்கம், ஐ.எஸ். 1322, ஐ.எஸ். 1346 ஆகிய தரநெறிகள் அதற்கு இந்தியாவில் வடிவம் தந்தன. உலக அளவில் திருப்பம் 1960களில் இத்தாலியில் நிகழ்ந்தது. பாலிபுரொப்பிலீன் உற்பத்தியில் மிஞ்சிய ஒரு பிசினைத் தாரோடு கலந்தபோது, வெயிலில் உருகாத, எளிதில் கிழியாத சுருள் படலம் கிடைத்தது. ‘ஏ.பி.பி. மெம்பரேன்’ என்று நம் ஊர்க் கடைகளில் விற்பது அதன் வழித்தோன்றலே. அடிப்பரப்பை எரிவாயுச் சுடரால் இளக்கி, தளத்தில் உருட்டி ஒட்டுவர். பக்க மடிப்பு 100 மி.மீ., முனை மடிப்பு 150 மி.மீ. என்பது வழக்கமான அளவு.

ஒட்டும் முறை மூன்று நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. தளம் உலர்ந்திருக்க வேண்டும், தூசியற்றிருக்க வேண்டும், ஒட்டுபவர் சூட்டின் அளவை அறிந்திருக்க வேண்டும். முதல் நிபந்தனையே இங்குக் கடினமானது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஐப்பசி மழை கணவாய் வழியே வந்துவிடும். தளம் நன்கு உலரக் கிடைப்பது தை முதல் சித்திரை வரையான மாதங்களே. ஈரம் அடங்கிய தளத்தில் ஒட்டினால், வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் படலத்தைத் தூக்கும். கொப்புளம் வரும்; கொப்புளம் உடைந்தால் நீர் இறங்கும். இறங்கிய நீர் படலத்துக்கும் தளத்துக்கும் இடையே நெடுந்தூரம் ஓடி வேறோர் அறையில் சொட்டும். சுருக்கித் தளத்தில் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேயோ அருகிலோ வெடிப்பைத் தேடலாம். படலத்தில் ஒழுகும் இடமும் ஓட்டை விழுந்த இடமும் வேறு வேறு. அனுபவக் கொத்தனாரின் கண் இங்கே பயன்படுவதில்லை. நீர்த்தேக்கச் சோதனையும் கருவியும் தேவைப்படுகின்றன.

வெப்பக்காப்புப் பலகையும் இக்காலத்தில் வந்தது. 50 மி.மீ. தடிமனுள்ள, மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிஸ்டைரீன் பலகை, வெறுங்கான்கிரீட்டின் 3.3 என்னும் எண்ணை 0.5 அளவுக்குக் குறைக்கும். ஒரு முழு நூற்றாண்டின் சுருக்கிச் சாதனையை எளிதில் மிஞ்சும். படலத்துக்கு மேலே பலகையை வைத்தால் படலமும் வெயிலிலிருந்து தப்பும். தளத்தின் அசைவும் குறையும். ஆனால் அந்தப் பலகையின் எடை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவு. மழைநீரில் மிதக்கும், காற்றில் பறக்கும். அதன்மேல் மீண்டும் கூழாங்கல்லோ கான்கிரீட் பாளமோ ஏற்றியாக வேண்டும். நவீனக் கூரை தன் சிறந்த வடிவில் பழைய கனத்தையே திரும்பக் கேட்டது.

7. காற்று நடத்தும் தேர்வு

கேரள மின்வாரியம் தன் காற்றாலைகளுக்குத் தேர்ந்த இடம் கஞ்சிக்கோடு. 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது ஆலைகள் அங்கே நிறுவப்பட்டன. மாநிலத்தின் மற்றொரு பெரிய காற்றாலைத் தொகுதி இடுக்கி–தேனி எல்லையில் உள்ள ராமக்கல்மேட்டில் இருக்கிறது. கேரளத்தில் காற்றை மின்சாரமாக்கத் தகுந்த இடங்களே கூரைப் படலத்துக்குக் கடினமான இடங்களும் ஆகும். இந்தப் பொருத்தத்தை நம் கட்டட ஆய்வுகள் கவனிக்கவில்லை.

காற்று தட்டைக் கூரையை மேலிருந்து அழுத்தும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. சுவரில் மோதிய காற்று விளிம்பில் பிய்ந்து மேலெழும். கூரையின் மேல் அழுத்தம் குறையும். படலம் மேல்நோக்கி உறிஞ்சப்படும். மூலையிலும் விளிம்பிலும் இந்த உறிஞ்சல் மிகுதி, நடுவில் குறைவு. ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி கோவைக்கும் கோழிக்கோட்டுக்கும் வரையறுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அதன்படி காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 900 நியூட்டன். 90 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு ஈடு. மூலைகளில் இதன் இருமடங்கையும் எதிர்பார்க்கலாம். சுருக்கியும் தட்டோடும் சேர்ந்த ஏறத்தாழ 200 கிலோ இதை அசையாமல் ஏற்கும். 4 மி.மீ. படலத்தின் எடை ஐந்து கிலோவை ஒட்டியது. மீதி முழுவதையும் பசை தாங்க வேண்டும்.

கஞ்சிக்கோட்டில் 1970களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகள் வந்தன. தொடர்ந்து தனியார் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் பெருகின. அகன்ற கூடங்களுக்கு எஃகுச் சட்டமும் தகடும் பொருந்தின. எஃகுத் தளத்தின் மேல் காப்புப் பலகையையும் படலத்தையும் பொருத்தும் முறையில் மூன்றாம் விடையான திருகாணி முழு உருப்பெறுகிறது. அகன்ற தட்டு வளையத்தோடு திருகாணி பலகையைத் துளைத்து எஃகைப் பற்றும். அடுத்த சுருளின் மடிப்பு ஆணித் தலையை மூடும். நடுப்பகுதியில் ஆணிகள் இடைவெளியாகவும், விளிம்பில் நெருக்கமாகவும், மூலையில் மிக நெருக்கமாகவும் அமைய வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கணக்கு. அதைக் கூரை மேல் நிற்பவர் கண்ணால் அறிய முடியாது. வரைபடத்தில் இல்லாத ஆணியை அவர் அடிக்க மாட்டார். மூலையில் சில ஆணிகளைச் சிக்கனப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் எதுவும் தெரியாது. ஒரு காற்றில் மூலை பிய்ந்து, முழுச் சுருளும் உரிந்து போகும்.

தளத்தைத் தட்டிய பெண் தன் வேலையின் தரத்தை ஒலியால் அறிந்தாள். சுடர் பிடித்தவர் மடிப்பில் இளகி வழியும் தாரைப் பார்த்து ஓரளவு அறிந்தார். திருகாணி அடிப்பவருக்குத் தன் வேலை போதுமா என்பதை அறியும் வழி வரைபடத்துக்குள் இருக்கிறது. அவ்வரைபடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எல்லைப்புறக் கட்டட வேலைத்தளங்களில் இன்று பணிபுரிவோரில் பலர் தமிழும் மலையாளமும் அறியாத வடமாநிலத் தொழிலாளர். கையிலிருந்த அறிவு தாளுக்குச் சென்றது. தாள் கைக்குத் திரும்பி வரவில்லை.

8. எல்லை தந்த இரு மாற்று விடைகள்

இந்த வரிசையை மறுத்த இரு முயற்சிகளையும் குறிப்பிட வேண்டும். முதலாவது, பெயரற்ற மக்களின் கண்டுபிடிப்பு. கேரளமெங்கும் ஒழுகும் வார்க்கத் தளத்தின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தித் தகடு வேய்கிறார்கள். பொறியாளர் சிலர் இதை அழகற்றது என்பர். காற்றோட்டமுள்ள நிழலையும் மழைத் தடுப்பையும் ஒரே செலவில் தரும் இரட்டைக் கூரை அது. பழுது கண்ணுக்குத் தெரியும். உள்ளூர் வெல்டர் சரிசெய்வார். தட்டைக் கூரையின் மேல் சாய்வுக் கூரை திரும்பி ஏறியதை மரபின் பழிவாங்கல் என்று சொல்வதைவிட, பழுதுபார்க்கும் உரிமையை மீட்ட செயல் என்று சொல்வது பொருந்தும். பாலக்காட்டு எல்லையைத் தாண்டிக் கோவைப் பக்கம் வந்தால் இதைக் காண்பது குறைந்துகொண்டே போகும்; சுருக்கியும் தட்டோடும் அவற்றின் மேல் பூசிய வெள்ளையும் தொடர்கின்றன. மழையின் அளவு ஒரு காரணம். இரு பொதுப்பணி மரபுகள் மற்றொரு காரணம்.

இரண்டாவது, லாரி பேக்கரின் விடை. 1963இல் இடுக்கி மலைப்பகுதியின் வாகமண்ணுக்கு வந்து, மனைவி எலிசபெத் நடத்திய மருத்துவமனையோடு அங்கே வாழ்ந்தவர் அவர். பின்னர் திருவனந்தபுரத்தில் அவர் பரப்பிய நிரப்புத் தளத்தில், கான்கிரீட் வேலை செய்யாத கீழ்ப்பகுதியில் கழிவு மங்களூர் ஓடுகள் பதிக்கப்படும். கான்கிரீட்டும் கம்பியும் குறையும். ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தைச் சற்றுத் தடுக்கும். நம் கேள்விக்கு இது தரும் விடை தனித்தன்மை வாய்ந்தது: காப்பைத் தளத்தின் மேல் ஒட்டவும் வேண்டாம், ஆணி அடிக்கவும் வேண்டாம்; தளத்துக்குள்ளேயே வைத்து வார்த்துவிடலாம். மேலே நீர்த்தடுப்பு இன்னும் தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் பிடிப்பு என்னும் சிக்கலில் பாதி அங்கேயே மறைந்துவிடுகிறது.

9. ஆய்வு மாணவர்களுக்கு

மெல்லிய காப்புப் பொருள்களுக்கு எதிரானது அன்று இந்தப் பதிவு. பாலக்காட்டில் மதிய வெயிலில் வகுப்பறையில் அமரும் குழந்தைக்கு 0.5 என்னும் எண் 2.5 என்னும் எண்ணைவிட நல்லது, அதில் ஐயமில்லை. என் கவலை வேறு. காப்பு எவ்வளவு சிறந்தது என்று கணக்கிடும் நாம், அதைப் பிடித்து வைத்திருப்பது எது, அது பிய்ந்தால் யார் சரிசெய்வார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் போட்ட கூரை சில ஆண்டுகளில் ஒழுகத் தொடங்குகிறது. ஒழுகும் கூரையின் கீழ் அமர்பவர் பெரும்பாலும் அதன் செலவைத் தீர்மானித்தவர் அல்லர்.

செய்யத்தக்க பணிகள் சிலவற்றை முன்வைக்கிறேன். சுருக்கி தட்டிய தலைமுறையின் பெண்கள் இன்னும் சிலர் வாழ்கிறார்கள். அவர்களது தொழிற்சொற்களையும் தாளத்தையும், எத்தனை நாள் தட்டினர், எந்த ஒலியில் நிறுத்தினர் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதியில் இடியாமல் நிற்கும் தார்சுக் கட்டடங்களை அளந்து வரைய வேண்டும். மலைத் தோட்டங்களில் லயக் கூரைகளின் பழுது வரலாற்றைத் தொழிலாளர் வாய்மொழியாகத் திரட்ட வேண்டும். திருகாணி வரைபடங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும், படங்களோடு, கூரைமேல் நிற்பவர் படிக்கும் வகையில் எழுத வேண்டும். இது வரலாற்றுத் துறையின் வேலையன்று என்று ஒதுக்க வேண்டியதில்லை.

எல்லைப்புற ஆய்வு என்றால் மொழி, இடப்பெயர்வு, நீர்ப் பகிர்வு என்றே நாம் தொடங்குகிறோம். வாளையாற்றுச் சோதனைச் சாவடியின் இரு பக்கமும் நின்று மேலே பார்த்தால், ஒரு பக்கம் தட்டோடும் மறுபக்கம் தகடுமாக இரு மாநிலங்களின் கூரைகள் தெரியும். அவற்றை ஆவணமாகப் படிக்கத் தொடங்கலாம். இத்துறையில் பணிபுரியும் நண்பர்கள் தங்கள் பகுதியில் வழங்கும் கூரைத் தொழிற்சொற்களைக் கருத்துப் பகுதியில் எழுதினால் ஒரு சொற்பட்டியலாகத் தொகுக்க உதவியாக இருக்கும்.